நடுவில் தைத்த தாள்

குத்தூசி மடிப்பின் நடுவில் ஒரு துளை போட்டது. மேலே நான்கு விரற்கடை தள்ளி இன்னொன்று. கீழே அதே அளவு தள்ளி மூன்றாவது. கைகள் அளவுகோலைத் தேடவில்லை. மெழுகில் ஒருமுறை இழுத்த நூல் உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே போனது, மேல்துளையில் உள்ளே வந்தது, நடுவைத் தாண்டி இறங்கிக் கீழ்த்துளையில் வெளியேறியது, மறுபடி நடுத்துளைக்கே திரும்பி உள்ளே வந்தது. நீளத் தையலின் இருபுறமும் நூல்முனைகளைப் பிடித்து ஒரு முடிச்சு. வலது கை கத்தரியை எடுப்பதற்குள் இடது கைப் பெருவிரல் மடிப்பை மேலிருந்து கீழாக ஒரு தேய்ப்புத் தேய்த்தது. பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கத்தான் அங்கே யாரும் இல்லை.

தைத்தது வெற்றுத் தாள்களை. ஒன்று முதல் பதினாறு வரை மேல் மூலையில் பென்சிலால் பக்க எண் போட்டிருந்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே எண் போடாத நான்கு பக்கங்கள். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். ஏழு, எட்டு, எண் இல்லாதவை, ஒன்பது, பத்து. எங்கேயும் துருத்தவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருந்த தாள்கள் போல இருந்தன. வில்லங்கமே அதில்தான் இருந்தது.

பட்டறையில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். நாற்பத்துநாலு வயதில் இருபத்தொன்பது வருடம் ஊசி பிடித்ததால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டிங் மெஷினில் நிற்கும் அண்ணன் வேறு காரணம் சொல்வார். "மாசத்துக்கு நாலு வார்த்தை பேசும். நாலும் குத்தும்."

அம்மா இறந்த வருடம் அவளுடைய பள்ளிக்கூடம் நின்றது. தம்பிக்கு அப்போது பத்து வயது. அப்பா லாரியோடு பாதி மாதம் வெளியூரில் இருப்பார். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை வேண்டும் என்று தேடியதில் அகப்பட்டது அச்சகத்தின் பின்கட்டில் இருந்த இந்த பைண்டிங் பட்டறை. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. மறு பைண்டிங்குக்கு வந்த பழைய புத்தகங்களைப் பிரித்து, முன்னால் தைத்தவர் எந்தத் துளையில் நுழைந்து எந்தத் துளையில் வெளியே வந்தார் என்று நூலின் பின்னாலேயே போய்க் கற்றுக்கொண்டாள். முகம் தெரியாத அந்த ஆட்களில் சிலர்மேல் அவளுக்கு மிகுந்த மரியாதை. சிலர் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றிருக்கும்.

கணக்கும் அவளுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஒரு பெரிய தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்து மூன்று தடவை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அதை ஃபாரம் என்பார்கள். ஒரு வருடம் பள்ளி இறுதி வகுப்புக் கணக்குப் புத்தகம் அச்சுக்கு வந்தது. மை கொட்டியதும் கோணலாக விழுந்ததுமான கழிவுத் தாள்களை அலமாரியில் விரிக்க எடுத்துப்போனவள், விரித்த இடத்திலேயே குனிந்து படிக்க ஆரம்பித்தாள். முதல் இரண்டு ஃபாரங்கள் கிடைத்தன. நாலாவதிலிருந்து கடைசிவரை கிடைத்தன. மூன்றாவது மட்டும் கிடைக்கவேயில்லை. அன்றைக்கு அச்சுக்காரர் ஒரு தாளைக்கூட வீணாக்காமல் ஒழுங்காக வேலை பார்த்துத் தொலைத்திருக்கிறார். ஆக, முப்பத்திரண்டாம் பக்கம் வரை அவளுக்குக் கணக்குத் தெரியும், நாற்பத்தொன்பதிலிருந்தும் தெரியும். இடையில் என்ன இருந்திருக்கும் என்று இந்தக் கரையிலிருந்தும் அந்தக் கரையிலிருந்தும் ஊகித்தபடியே சில வருடங்கள் போயின. பிறகு ஒருநாள் பழைய புத்தகக் கடையில் நின்றுகொண்டே அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்துப் பார்த்தபோது, தன் ஊகத்தில் இரண்டே இடத்தில்தான் பிசகு என்று தெரிந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? கடைக்காரரிடம், "நல்ல புத்தகம்" என்றாள். "அப்ப எடுத்துக்கறதுதானே" என்றார் அவர்.

அப்பா கடைசி ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார். ஒரு காது மட்டும் கொஞ்சம் கேட்கும். அவருக்கு ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பதால், பட்டறை விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைச் சத்தமாகப் போடுவாள். அவருக்கு ஒரு வரியும் புரியாது. ஆனால் அவள் நிறுத்தினால் உடனே தெரிந்துவிடும்.

"விடை வந்துச்சா?"

"வந்துடுச்சுப்பா."

"அப்ப தண்ணி குடு."

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. தம்பி வேறு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். மாடியில் ஒன்றரை அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். அவள் இப்போதும் கணக்கைச் சத்தமாகத்தான் போடுகிறாள். விடை வந்ததும் பழக்க தோஷத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். பிறகு தானே எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பாள்.

மாலைக் கல்லூரியில் கணிதப் பட்டம் படிக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது வேலை உயர்வுக்காக இல்லை. பட்டறையில் எந்தப் பட்டத்துக்கும் ஒரே பசைச் சட்டிதான். ஒரே கணக்கை நாலு பேர் போட்டுக்கொண்டிருக்கும் அறையில் தானும் ஒரு மூலையில் உட்காரவேண்டும், விடை வந்ததா என்று யாராவது ஒருவர் திரும்பிக் கேட்கவேண்டும். ஆசை அவ்வளவுதான். அதற்காகத் தனித்தேர்வராகப் பள்ளி இறுதித் தேர்வு எழுதினாள்.

கணக்குத் தேர்வன்று விடைப்புத்தகத்தின் பதினாறு பக்கமும் தீர்ந்து ஒன்பதாம் கேள்வி பாதியில் நின்றது. கூடுதல் தாள் ஒன்று வாங்கி, அதில் ஒன்பதை முடித்துப் பத்தையும் எழுதினாள். மணியடிக்கச் சற்று முன்னால், மேற்பார்வை பார்த்த ஆசிரியை ஆளுக்கு ஒரு துண்டு நூல் கொடுத்துக்கொண்டு போனார். கூடுதல் தாளைக் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் வைத்து இடது மேல் மூலையில் கட்டவேண்டும் என்பது விதி. அட்டையிலேயே அச்சடித்திருந்தது, அவளும் படித்திருந்தாள். சுற்றிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள் மூலையைக் குடைந்து திணறிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மனம் பத்தாம் கணக்கின் கடைசி வரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. கைகளுக்குத் தாள் கிடைத்தது, நூலும் கிடைத்தது. அப்புறம் அவை யாரைக் கேட்கவேண்டும்? விடைப்புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து, கூடுதல் தாளை மடிப்போடு மடிப்பாகப் பொருத்தி, காம்பஸ் முனையால் மூன்று துளை போட்டு, நூலின் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசி இல்லாமலே தைத்துவிட்டன. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பட்டறைப் பழக்கம் தேர்வு அறைக்கு வராமலா இருக்கும்? விடைத்தாளை வாங்கிய ஆசிரியை ஓரத்தைத் தடவிப் பார்த்து, "அழகா இருக்கும்மா" என்றார். அவளுக்கு அன்றைக்கெல்லாம் அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

மதிப்பெண் ஐம்பத்தெட்டு என்று வந்தது. கல்லூரிக்கு அறுபத்தைந்து வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று ஒரே வரியில் கடிதம் வந்தது.

தான் போட்ட கணக்கு அவளுக்குத் தெரியும். விடைத்தாள் நகலுக்கு எழுதிப் போட்டாள். கிணற்றில் போட்ட கல் மாதிரி ஐந்து வாரம் கிடந்து, பிறகு தபாலில் வந்தது. எட்டாம் பக்கத்துக்கும் ஒன்பதாம் பக்கத்துக்கும் நடுவே இருந்த நான்கு பக்கங்களிலும் மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு இழுத்திருந்தது. பார்த்ததுமே அவளுக்கு நடந்தது விளங்கிவிட்டது. திருத்தியவர் நாலாம் கேள்வியின் விடையை எட்டாம் பக்கத்தில் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த தாளில் பக்க எண் இல்லை. தலையும் வாலும் இல்லாமல் வெறும் எண்கள். ஏதோ கணக்கைப் போட்டுப் பார்த்த ரஃப் தாள் என்று நினைத்துக் கோடிழுத்துவிட்டு ஒன்பதாம் பக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே நாலாவது விடை ஒழுங்காகத் தொடர்ந்தது. பத்தாம் கேள்வி என்று அவள் ஓரத்தில் போட்டிருந்த எண்ணோ இறுக்கித் தைத்த மடிப்புக்குள் போய்ப் புதைந்திருந்தது. மூலையில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் ஒரு குருடர்கூடத் தடவிக் கண்டுபிடித்திருப்பார்.

திருத்தியவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அதுவாவது துணைக்கு இருந்திருக்கும்.

மறுமதிப்பீட்டுக்குப் பிறகு பதினான்கு மதிப்பெண் கூடி எழுபத்திரண்டு ஆயிற்று. திருத்திய மதிப்பெண் பட்டியல் வந்து சேர்ந்தபோது கல்லூரியில் சேர்க்கை முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவள் அதைப் பட்டறைக்கு எடுத்துப்போனாள். யாரிடமாவது காட்டவேண்டும்போல் இருந்தது. கட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் அண்ணன் தாளை எட்டிப் பார்த்து, "என்ன, கரண்டு பில்லா? எங்க வீட்டுலயும் இந்தத் தடவ கூடத்தான் வந்துருக்கு" என்றார். அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கல்லூரி அலுவலகத்தில் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருந்தார். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் அறுபது வருடம் அலுத்துப்போன மாதிரி பேசினார். மாலை வகுப்பில் ஒரே ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், வருகிற வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அது இருக்கும் என்றும், மேல்முறையீடு செய்தால் மூன்று பேர் கொண்ட குழு பார்க்கும் என்றும் சொன்னார். ஆனால் குழு வரைக்கும் மனு போகவேண்டுமே. அதற்கு முதல் வாசல் அந்த ஜன்னல்தான்.

"தப்பு தேர்வுத்துறை மேலன்னா மனு உள்ள போகும். உங்க மேலன்னா இங்கயே நிக்கும். அவ்வளவுதாம்மா ரூல்."

"ரெண்டு பேர் மேலயும் இருந்தா?"

குமாஸ்தா படிவத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். "ரெண்டு கட்டந்தான் இருக்கு. ரெண்டுல ஒண்ணு."

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி பேசினான். பின்னணியில் அவன் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மதிப்பெண் கூடியதில் அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம். அக்காவுக்கு இந்த வயதில் இது எதற்கு என்று போன மாதம் கேட்டதை இந்தத் தடவை கேட்கவில்லை. நடந்ததை அவள் சொல்லி முடித்ததும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றான்.

"பேப்பர் திருத்தினவன் பார்க்காம விட்டான். அத மட்டும் எழுது. நீயே ஏங்க்கா போய்த் தலையக் குடுக்கற? நீ எப்படித் தச்சேன்னு யாரு கேக்கப்போறா?"

"யாரும் கேக்கமாட்டாங்கடா."

அவள் ஒத்துக்கொண்டதாக நினைத்து அவன் போனை வைத்தான்.

அவன் சொன்னபடியே முதலில் எழுதினாள். மதிப்பீட்டாளரின் கவனக்குறைவால் என்று தொடங்கி அரைப்பக்கம். அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் படித்துப் பார்த்தபோது, உள்ளே தையலே போடாமல் பசையை மட்டும் தடவி மேலே நல்ல துணி ஒட்டிய புத்தகம் அவளுக்கு நினைவு வந்தது. அப்படிப்பட்ட புத்தகங்கள் பட்டறைக்கு வரும்போதெல்லாம் அதைக் கட்டியவரை மனசுக்குள் திட்டியிருக்கிறாள். அந்தத் தாளைக் கிழிக்காமல் ஓரமாக வைத்தாள். வேறொரு தாள் எடுத்தாள்.

"கூடுதல் தாளை விதிப்படி மூலையில் கட்டாமல் நடுவில் வைத்துத் தைத்தது நான். நான் பைண்டிங் வேலை செய்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு தாள் விழுந்துவிடக்கூடாது என்றால் அப்படித்தான் சேர்ப்போம். அப்படிச் சேர்த்தால் அது கண்ணில் படாமல் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதில் இருந்த கணக்குகளைப் போட்டதும் நான்தான். தாள் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு மாதிரி இணைத்திருக்கிறேன்."

இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். வீட்டில் யாரும் மறுத்துச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் வெற்றுத் தாள்களை எடுத்து மடித்து, எண் போட்டு, குத்தூசியைக் கையில் எடுத்தாள்.

மாதிரி ஒரே மூச்சில் முடிந்தது. மனுவையும் அதன் இணைப்புகளையும் குழுவுக்கு மூன்று பிரதிகளாகக் கட்டத்தான் பகல் முழுக்கப் பிடித்தது. விதிப்படி இடது மேல் மூலையில் ஒரு துளை, அதில் ஒரு நூல், ஒரு முடிச்சு. சின்னப் பிள்ளையும் செய்துவிடும் வேலை. அவளுக்கு அது வரவில்லை. இறுக்கிக் கட்டினால் தாள் புரளவில்லை, தளர்த்திக் கட்டினால் தாள்கள் திசைக்கு ஒன்றாகப் போயின. திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டினாள். கடைசியில் காதைப் பிடித்துத் தூக்கிய முயல்களைப்போல் அவை மேசைமேல் கிடந்தன. பட்டறையில் யாராவது இப்படி ஒரு வேலையைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புக் கேட்டாள். முதலாளி கேட்டதும் கொடுத்தார். அப்பாவின் காரியத்துக்குப் பிறகு, தேர்வு நாட்களைத் தவிர, அவள் விடுப்புக் கேட்டதில்லை. "போயிட்டு வாம்மா. ஆனா ஒண்ணு, நீ சாயங்காலம் காலேஜுக்குப் போயிட்டா இங்க அவசர வேலைக்கு யாரு? அந்த அண்ணன் கையில ஊசியக் குடுத்தா அவரு தன் சட்டையோட சேத்துத் தச்சுக்குவாரு" என்றார். அண்ணனுக்கு இது கேட்கவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்துவைத்தார்.

ஜன்னல் முன்னால் ஆள் இல்லை. குமாஸ்தாவுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் பதிவேடுகள் வரிசையாக நின்றன. போன தடவை வந்தபோது பதற்றத்தில் அவள் அவற்றைக் கவனிக்கவில்லை. இப்போது முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேல்தட்டில் இடமிருந்து மூன்றாவதும் அதற்கடுத்த நான்கும் அவள் தைத்தவை. ஒவ்வொரு வருடமும் கல்லூரியிலிருந்து பதிவேட்டு வேலை பட்டறைக்கு வரும். அவள் கை இந்த அறைக்குள் நுழைந்து பல வருடம் ஆகிவிட்டது. அவள்தான் இன்னும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

குமாஸ்தா மனுவை வாங்கி வாசித்தார். பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். பிறகு தாளை அவள் பக்கம் திருப்பி முதல் வரியின்மேல் பேனாவை வைத்தார்.

"இத எடுத்துடுங்க. இங்கயே வேற தாள் தரேன். இந்த வரி இருந்தா நான் வாங்க முடியாது. நானே வாங்கினாலும் உள்ள தள்ளிடுவாங்க."

"நடந்தது அதுதான் சார்."

"நடந்ததையெல்லாம் எழுதணும்னு யாரும்மா சொன்னா? கேட்டதுக்கு மட்டும் எழுதுங்க."

அவள் பையிலிருந்து மாதிரியை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். "இதுல கூடுதல் தாள் ஒண்ணு இருக்கு. பாருங்க."

அவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பின்னட்டையைத் திருப்பினார். மூலையைத் தடவினார். பிறகு முதலிலிருந்து விரலால் புரட்டிக்கொண்டே போய்ப் பதினாறில் நின்றார். இன்னொரு தடவை, இப்போது கொஞ்சம் மெதுவாக. உள்ளே எங்கேயோ ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா இருக்கு? வைக்க மறந்துட்டீங்களா?"

"நீங்க தாண்டிட்டீங்க சார். எட்டுக்கு அப்புறம் பாருங்க."

எட்டாம் பக்கத்தைத் திறந்து நகத்தால் மடிப்பை விலக்கினார். எண் இல்லாத பக்கம். அதைத் திருப்பினால் இன்னும் இரண்டு, அவற்றின் நடுவில் நீளமாக ஒரு தையல். மடிப்புக்குள்ளே, விலக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, பென்சிலால் கேள்வி எண் பத்து என்று எழுதியிருந்தது. அவர் புத்தகத்தை மூடி மறுபடி திறந்து பார்த்தார். மூடியதும் அது காணாமல் போனது.

"ரெண்டு தடவ பார்த்தேனே," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"திருத்தினவங்க ஒரு தடவதான் பார்த்திருப்பாங்க. அவங்களுக்கு எவ்வளவு கட்டு இருந்துச்சோ."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முதல் நாளிலிருந்து அவர் முகத்தில் இருந்த அந்த அலுப்பு இப்போது எங்கேயோ போயிருந்தது. "அந்த நாலு பக்கத்துல போட்டது அத்தனையும் சரியா இருந்துச்சா?"

"இல்ல சார். ஒன்பதாவதுல ஒரு குறிய மாத்திப் போட்டுட்டேன். ரெண்டு மார்க் போச்சு. பத்தாவது சரி."

அவர் சிரிக்கவில்லை. படிவத்தை இழுத்து, தவறு யாருடையது என்ற கேள்விக்கு எதிரே இருந்த முதல் கட்டத்தில் ஒரு டிக் போட்டார். பேனாவை எடுக்காமல் கொஞ்சம் யோசித்து இரண்டாவது கட்டத்திலும் போட்டார். "குழு புதன்கிழமை உக்காருது. கேட்டா நான் சொல்லிக்கறேன். என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. பார்ப்பாங்க. அது வரைக்கும்தான் என்னால ஆகும்."

அலமாரியிலிருந்து மூன்றாவது பதிவேட்டை எடுத்து மேசைமேல் திறந்தார். கையால் அழுத்தாமலே அது இருபுறமும் படிந்து கிடந்தது. அதில் அவளுடைய பெயரையும் தேதியையும் எழுதினார். மனுவின் மூன்று பிரதிகளையும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். மூலையில் தொங்கிய நூல்களில் ஒன்று பேனாவில் சிக்கியதை விடுவித்தார்.

"மாதிரியையும் குடுங்க. சேத்து வைக்கறேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தாள். திறந்து பார்த்ததில் மடிப்பு கொஞ்சம் இளகியிருந்தது. பெருவிரலால் மேலிருந்து கீழாக ஒரு தேய்ப்புத் தேய்க்கப் போனவள், பாதியில் நிறுத்தினாள். எட்டாம் பக்கத்தைத் திறந்து, எண் இல்லாத தாள் எல்லோருக்கும் தெரியும்படி விரித்துவைத்து, அப்படியே கண்ணாடிக்கு அடியில் தள்ளிக் கொடுத்தாள்.